கோரைமுடியில் நெளி நிற்குமா?

மும்பையில் முலுண்டிலிருந்து சிஎஸ்எம்டி வரை தினமும் லோக்கல் ரயிலில் போய்வரும் ஒரு தோழி கேட்டிருக்கிறார். இடுப்பு வரை கோரைமுடி. கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு வந்தவர் மாதிரி லேசான, அலையலையான நெளி வேண்டும். ஸ்ட்ரெய்ட்னரும், முடியைச் சூட்டில் சுருட்டும் டாங்ஸும் இனிமேல் தொடமாட்டார், ஏற்கெனவே நுனியெல்லாம் பிளந்து கிடக்கிறது. ராத்திரி பின்னிப் படுத்தால் காலையில் அழகாக இருக்கிறதாம், குர்லா வருவதற்குள் பழையபடி தொங்கிவிடுகிறதாம். ஆனி மாதம் அண்ணன் கல்யாணம், என்ன செய்யலாம் என்கிறார். சூடில்லாமல் நெளி வரவழைப்பது எப்படி என்றுதான் கேள்வி ஆரம்பிக்கிறது. ஆனால் வரவழைக்க உங்களுக்கே தெரிந்திருக்கிறது. வந்த நெளி ஏன் நிற்கவில்லை என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் செம்பூரில் ஒரு சின்ன பார்லரில் உதவியாளராகச் சேர்ந்தவள், இந்த வேலையில் இப்போது 22 வருடம். சேடா நகர், மாட்டுங்கா, சயான் என்று நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் வருவார்கள். எல்லா மாதிரி முடியையும் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். தோல் மருத்துவர் இல்லை. என் முடியும் கோரைதான். பள்ளிக்கூடத்தில் ரெட்டைச் சடையிலிருந்து ரிப்பன் நழுவி நழுவி விழுந்து டீச்சரிடம் திட்டு வாங்கிய கோஷ்டி.

ஒரு பருத்திப் புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி ஈரத்தில் மடித்து, மேலே பாரம் வைத்துக் காயவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். அதே புடவையைக் கட்டிக்கொண்டு தூறலில் அரை மணி நேரம் நடந்தால் மடிப்பு இருந்த இடம் தெரியாது. முடிக்கும் இதே கதைதான். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் பிணைப்புகளில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று கந்தகப் பிணைப்பு. கெட்டியானது, தண்ணீருக்கு அசையாது, உங்கள் முடியைக் கோரையாகவே வைத்திருப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தனியாகப் பார்த்தால் பலவீனம், எண்ணிக்கையில் ஏராளம். தண்ணீர் பட்டால் அவிழும். காயும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் மறுபடி கட்டிக்கொள்ளும். டாங்ஸ் வைத்தாலும் சரி, பின்னிப் படுத்தாலும் சரி, இந்த இரண்டாவது பிணைப்பைத்தான் நாம் மாற்றி அமைக்கிறோம். தலைக்குக் குளித்தால் இரண்டு வழியில் வந்த நெளியுமே போய்விடுவது அதனால்தான். கோரைமுடியில் வரும் நெளி தண்ணீர் கொடுத்த கடன். தண்ணீர் கேட்டால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

அந்தத் தண்ணீர் குழாயில்தான் வரவேண்டும் என்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரமே போதும். 1783-இல் ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்ற அறிவியலாளர் மனித முடியை வைத்தே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியைப் பற்றி விரிவாக எழுதினார். ஈரம் ஏறினால் முடி நீளும், இறங்கினால் சுருங்கும். நன்றாகக் காய்ந்த நிலைக்கும் முழு ஈரத்துக்கும் நடுவே சுமார் 2 சதவீதம் நீள வித்தியாசம் வரும். அப்படிப்பட்ட ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஜூன் மாத மும்பையில், காலை எட்டரை மணி லேடீஸ் கம்பார்ட்மெண்டில் நிற்கிறீர்கள். வெளியே கடல் காற்று, உள்ளே அத்தனை பேரின் வியர்வை. பெங்களூரில் இருக்கும் என் நாத்தனாருக்கும் இதே மாதிரி முடி. பிப்ரவரியில் அங்கே போயிருந்தபோது அவளுக்கு நான் பின்னிவிட்டது மறுநாள் சாயங்காலம் வரை கலையவில்லை. கை என் கைதான், காற்றுதான் வேறே. ஆகவே குர்லாவில் உங்கள் நெளி தொங்கிப்போவதற்கு நீங்கள் தப்பாகப் பின்னியதுதான் காரணம் என்று நினைக்கவேண்டாம். பாதிக் காரணம் ஊர். மீதிப் பாதியைச் சரிசெய்யலாம்.

அந்த மீதியில் பெரும்பங்கு, உள்ளே காயாமல் அவிழ்ப்பது. பத்தில் எட்டுப் பேர் செய்யும் தவறு இது. ராத்திரி தலைக்குக் குளித்து, துண்டால் துவட்டி, சொட்டச் சொட்ட ஒரே சடையாகப் பின்னிப் படுத்துவிடுகிறார்கள். இடுப்பளவு முடியில் அந்தச் சடை மணிக்கட்டு கனம் இருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் விடியற்காலையிலும் சில்லென்று ஈரம் நிற்கும். அவிழ்த்ததும் பார்க்க நெளி இருக்கிறது, ஆனால் உள்ளிருந்த ஈரமுடி தொங்கிக்கொண்டே காய்கிறது. தொங்கியபடி காய்ந்தால் நேராகத்தானே காயும்? பக்கத்து முடியின் நெளியையும் அது இழுத்துக்கொண்டு போகும். சடையை அவிழ்க்கும் முன் நடுவில் விரலை நுழைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தட்டினால் அவிழ்க்காதீர்கள், ஃபேனுக்கு அடியில் இன்னும் அரை மணி நேரம்.

இதற்கு நான் சொல்லும் வழி இதுதான். தலைக்குக் குளிப்பதைச் சாயங்காலமே முடித்துவிடுங்கள். கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும், கொஞ்சமாக. துண்டால் தேய்க்காமல் பழைய பருத்தி பனியனால் பிழிந்து எடுங்கள். பிறகு முக்கால்வாசிக்கு மேல் காயும் வரை சும்மா விடுங்கள். கையில் பிடித்தால் ஈரம் ஒட்டக்கூடாது, கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியவேண்டும், அந்தப் பதம். முறுக்கு மாவுக்குப் பதம் சொல்வது மாதிரிதான், நாலு தடவை செய்தால் கை சொல்லிவிடும். சாம்பிராணி போடுகிற வீடாக இருந்தால் இந்த இடத்தில் போடலாம். வாசனை போனஸ், வேலை செய்வது அந்த இளஞ்சூடுதான். அவசரமென்றால் ட்ரையரைக் குளிர்காற்றில் வையுங்கள். சூடில்லாமல் என்ற விரதத்தை மிதமான காற்று வரை தளர்த்தினாலும் குற்றமில்லை. 2011-இல் கொரியாவில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். ட்ரையரை 15 சென்டிமீட்டர் தள்ளி, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டினால் முடியில் படுவது சுமார் 47 டிகிரிதான். 5 சென்டிமீட்டரில் அதுவே 95. அப்படித் தள்ளிவைத்துக் காயவைத்த முடியைவிட, தானாகக் காயவிட்ட முடியின் உட்புறத்தில்தான் சேதம் தெரிந்தது. நீண்ட நேரம் ஈரத்தில் ஊறிக் கிடப்பதும் முடிக்கு நல்லதில்லை என்று அதை எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஓர் ஆய்வு, அதுவும் பரிசோதனைக்கூடத்து முடிக்கற்றைகளில் செய்தது. அதற்குரிய கனம் மட்டும் கொடுங்கள்.

சரி, பதம் வந்துவிட்டது. இப்போது நடுவகிடு எடுத்து, பக்கத்துக்கு இரண்டாக நாலு சடை. உங்கள் நீளத்துக்கு ஒற்றைச் சடை எதற்கும் உதவாது. சடை மெலிய மெலிய நெளி நெருக்கமாகும், சீக்கிரம் காயும், அதிக நேரம் நிற்கும். ஆனால் எட்டு, பத்து என்று போட்டால் கடற்கரை போய் நூடுல்ஸ் வந்துவிடும். பின்னலை உச்சியிலிருந்து ஆரம்பிக்காமல் காது மட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள். வேர் நேராக இருந்து கீழே அலையாக இறங்கினால்தான் இயல்பாகத் தெரியும். மேலே தளர்வாக, கீழே போகப் போகச் சற்று இறுக்கமாகப் பின்னுங்கள். கடைசி இரண்டு அங்குலத்தை பின்னாமல் விட்டுத் துணி ரப்பரால் கட்டுங்கள். மூன்று கால் பின்னலில் கொஞ்சம் தட்டையான, கோணல்மாணலான நெளி வரும். உருண்டையான அலை வேண்டுமென்றால் இரண்டு பிரிவை மட்டும் எடுத்து, இரண்டையும் வலப்பக்கம் முறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றை இடப்பக்கமாகச் சுற்றுங்கள், கயிறு திரிப்பது போல. எனக்கு இதுதான் பிடித்தது. கடைகளில் இப்போது சாட்டின் துணியில் நீளக் குழல் விற்கிறார்கள், தலைமேல் வைத்து இரண்டு பக்கமும் முடியைச் சுற்றிக்கொள்வது. அதுவும் நல்லதுதான், ஆனால் அதில் வருவது பெரிய பெரிய சுருள். கல்யாண ரிசப்ஷனுக்கு எடுபடும், நீங்கள் கேட்ட கடற்கரை அலை அது இல்லை. தவிர, வழுக்குகிற கோரைமுடியில் ராத்திரி இரண்டு மணிக்குக் குழல் தனியாக, தலை தனியாகக் கிடக்கும்.

புடவைக்குக் கஞ்சி போடுவது போல முடிக்கும் ஒரு கஞ்சி வேண்டும். இதைத்தான் நீங்கள் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கடையில் விற்கும், நுரையாக வரும் மூஸ் ஓர் எலுமிச்சை அளவு எடுத்து, பின்னுவதற்கு முன் காதுக்குக் கீழே தடவினால் போதும். அது காய்ந்ததும் முடிமேல் மெல்லிய படலமாகிப் பக்கத்து முடியோடு ஒட்டிக்கொள்ளும். காற்றின் ஈரம் வடிவத்தைக் கலைப்பது கொஞ்சம் தாமதமாகும். வீட்டில் செய்ய வேண்டுமென்றால் ஆளி விதை. இரண்டு மேசைக்கரண்டி விதையை இரண்டு டம்ளர் தண்ணீரில் சிறுதீயில் கிளறிக்கொண்டே இருங்கள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பு வந்ததும், ஆறவிடாமல் சூட்டோடு சூடாக மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆறினால் வடியாது, அப்புறம் துணியையும் சேர்த்துத்தான் தூக்கிப் போடவேண்டும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். வாடை மாறினால் கொட்டிவிடுங்கள்.

உப்புத்தண்ணீர் ஸ்ப்ரே பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கடலில் குளித்த முடி அலையலையாக நிற்பதைப் பார்த்து வந்த யோசனை அது. கடல்நீரில் எடைக்குச் சுமார் 3.5 சதவீதம் உப்பு. காய்ந்ததும் உப்புத் துகள் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும், முடியோடு முடி உரசி நிற்கும், கொஞ்சம் அடர்த்தியாகவும் தெரியும். இதுவரை உறுதி. ஆனால் இயல்பிலேயே லேசாக நெளியும் முடியில் இருக்கிற நெளியை உப்பு எடுத்துக் காட்டுமே தவிர, கோரைமுடியில் இல்லாத நெளியை அது உண்டாக்காது. பின்னி அவிழ்த்த பிறகு பிடிமானத்துக்கு வேண்டுமானால் லேசாகத் தெளிக்கலாம். அதிலும் மும்பைக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி என்ன ஆகிறது? கசிந்து நீர்த்துவிடுகிறது இல்லையா? காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரையும். அந்த உப்பைத் தலையில் தெளித்துக்கொண்டு ஜூலையில் வெளியே போனால் நெளியைக் கலைக்கும் ஈரத்தை நாமே கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி. டிசம்பர், ஜனவரியில் செய்து பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் வேண்டாம், கூடவே ஒரு ஸ்பூன் கற்றாழை ஜெல். வாரத்துக்கு ஒரு நாள் போதும். ஒரு கோடை முழுவதும் நான் தினமும் அடித்துக்கொண்டேன். கடைசியில் முடி தேங்காய் நார் மாதிரி ஆகி, நாலு அங்குலம் வெட்டவேண்டி வந்தது. சர்க்கரைத் தண்ணீர் பேச்சே வேண்டாம், இந்த ஊர் வெக்கையில் பிசுபிசுவென்று ஒட்டும்.

தேங்காய் எண்ணெய் முடிக்குள் கொஞ்சம் இறங்கும், துவைக்கும்போது புரதம் கழிவதைக் குறைக்கும். சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அந்த அளவுக்குச் செய்யவில்லை என்று 2003-இல் மும்பையிலிருந்தே ஓர் ஆய்வு வந்தது. அதைச் செய்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எப்படியானாலும் எண்ணெய் குளிப்பதற்கு முன்தான். நெளிக்கு முன் தடவினால் முடி வழுக்கும், கனக்கும், நெளி ஏறாது. அரிசி கழுவிய தண்ணீர் நெளியைப் பிடித்து வைக்கும் என்பதை நான் நம்பவில்லை. மாவுச்சத்தால் சிலருக்கு ஒருநாள் விறைப்பு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு உண்மையைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். உங்கள் நெளிக்கு முதல் எதிரி ஈரம் என்றால், இரண்டாவது எதிரி நீளம். இடுப்பு வரை தொங்கும் முடியின் எடை முழுவதும் அந்த அலையைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதோடு பிளந்த நுனி மருந்தால் ஒட்டாது. முடி உயிரில்லாத பொருள், தானாக ஆறவும் செய்யாது. மூன்று, நாலு அங்குலம் வெட்டி, கீழ்ப்பாதியில் நீளமான லேயர் போட்டால் எந்த ஸ்ப்ரேயும் தராத பலன் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும், ஒரு வருடத்தில் வெட்டியது திரும்பி வந்துவிடும். அம்மாக்கள் திட்டுவார்கள் என்பதும் தெரியும். என் நாற்காலியில் உட்கார்ந்து அழுத பெண்களைவிட, பக்கத்தில் நின்று அழுத அம்மாக்கள்தான் அதிகம்.

ஸ்ட்ரெய்ட்னரை விட்டது நல்ல முடிவு. அது 200 டிகிரியைத் தாண்டிச் சுடும், அந்தச் சூட்டில் புரதமே உருமாறும். ஈரம் மிச்சமிருக்கும் முடியில் வைத்தால் இன்னும் மோசம். உள்ளே தண்ணீர் ஆவியாகிக் கொப்புளம் கிளம்பி முடி அங்கேயே ஒடியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அவசரத்தில் ஒரு பெண்ணின் ஈரமுடியில் டாங்ஸ் வைத்துவிட்டேன். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம். இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் சூடில்லை என்றால் சேதமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஈரமுடி காய்ந்த முடியைவிடப் பலவீனமானது, இழுத்தால் நீளும், எல்லை தாண்டினால் அறும். தினமும் இறுக்கிப் பின்னினால் நெற்றியோரமும் காதோரமும் முடி மெலிந்து, வருடக்கணக்கில் தொடர்ந்தால் அங்கே திரும்ப முளைக்காமலே போகலாம். காலையில் எழுந்ததும் நெற்றிப்பொட்டில் சுருக்கென்று இழுத்தால் பின்னல் இறுக்கம் என்று அர்த்தம். ஈரத்தலையோடு படுப்பது பொடுகை அதிகமாக்கும் என்பார்கள். அதற்கு வலுவான நிரூபணம் கிடையாது, ஆனால் ஏற்கெனவே பொடுகு உள்ளவர்களுக்கு அரிப்பு கூடுவதைப் பார்த்திருக்கிறேன். புண்ணோ, வட்டமாக முடி உதிர்வதோ இருந்தால் என்னைப் போன்றவர்களிடம் வராதீர்கள், நேரே தோல் மருத்துவரிடம் போங்கள்.

தினமும் ஆபீஸுக்கும் இதே நெளி வேண்டுமென்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் உறுதி கொடுக்கமாட்டேன். அந்த நாட்களில் ஒரு தந்திரம் உண்டு. பின்னலை வீட்டில் அவிழ்க்காமல் அப்படியே கொண்டையாகச் சுற்றிக்கொண்டு ரயில் ஏறுங்கள். ஆபீஸ் ஏசிக்குள் போய் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் அவிழ்த்து விரலால் கோதுங்கள். சீப்பு வேண்டாம். ஏசிக் காற்று உலர்ந்தது, மதியம் வரையாவது நிற்கும். பெர்மிங் பற்றி யோசிக்கிறீர்களானால், அது கந்தகப் பிணைப்பையே ரசாயனத்தால் உடைத்து மாற்றிக் கட்டுவது. நிற்கும், ஆனால் சேதமும் உண்டு. நுனி பிளந்த முடியிலும், ரசாயனத்தால் நேராக்கும் ஸ்மூத்தனிங் செய்த முடியிலும் நான் செய்யமாட்டேன்.

கல்யாணத்துக்கு வருவோம். ஆடிக்கு முன் முடிக்கவேண்டும் என்று ஆனியில் வைத்திருப்பார்கள், அதாவது நல்ல மழையில். ஒரு மாதம் முன்னாலேயே முடியை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு சனிக்கிழமை ராத்திரி ஒத்திகை பாருங்கள், ஒரு தடவை நாலு சடை, ஒரு தடவை ஆறு. எது உங்களுக்கு நிற்கிறது என்று முகூர்த்தத்தன்று கண்டுபிடிக்கக்கூடாது. முந்தின நாள் காலையிலேயே தலைக்குக் குளித்துவிடுங்கள், அப்போதுதான் துவைத்த முடி அதிகம் வழுக்கும். சாயங்காலம் தண்ணீரை லேசாகத் தெளித்து, மூஸ் தடவிப் பின்னினால் விடிவதற்குள் முழுக்கக் காய்ந்துவிடும். மண்டபத்துக்குப் பின்னலோடு போய் அங்கே அவிழ்த்து, ஒரு கை தள்ளி ஹேர் ஸ்ப்ரே. மேல்பாதியைக் கிளிப் போட்டு பின்னால் கட்டிவிடுங்கள், கீழ்ப்பாதி மட்டும் அலையாகத் தொங்கட்டும். மாட்டுங்காவில்தான் மண்டபம் என்கிறீர்கள், ஸ்டேஷன் வெளியிலேயே பூக்கடைகள் இருக்கின்றன. இரண்டு முழம் மல்லிகை வாங்கி அந்தக் கிளிப்பை மறைத்துச் சுற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள், வைப்பதற்கு முன் நன்றாக உதறிவிடுங்கள்.